கல்லுக்குப் பன்னீராண்டு, மரத்துக்கு ஓராண்டு

திருச்சிற்றம்பலம்

குடமுழுக்குப் பெருவிழாவன்று அடியார் கண்கள் யாவும் கோபுரக் கலசங்களை நோக்கியே நிற்கும். வேள்விச்சாலையினின்று எழுந்தருளும் கடத்துப் புனிதநீர் கலசத்தின்மேற் பொழியும் அக்கணத்திற்காகவே பல திங்கள் உழைத்தோமன்றோ? கற்றளி செப்பம் பெற்றது. விமானம் புதுவண்ணம் பூண்டது. அட்டபந்தன மருந்து சாத்தப் பெற்றது. இப்பணிகள் பன்னீராண்டுக்கு ஒருமுறை நிகழ்தல் நம் நாட்டு வழக்கம். கல்லும் சுதையும் அப்பன்னீராண்டைப் பொறுத்திருக்க வல்லன. திருக்கோயிலில் அங்ஙனம் பொறுத்திருக்க இயலாத உறுப்பொன்று உண்டு. அதுவே மரம்.

தேர், சப்பரம், கொடிமரம், வாயிற்கதவு, தேர்முட்டிப் படி ஆகிய இவை வெயிலிலும் மழையிலும் நிற்பன. ஒரு குடமுழுக்கிற்கும் மறு குடமுழுக்கிற்கும் இடையில் பன்னிரண்டு ஐப்பசி கார்த்திகை அடைமழைகளை இவை தாங்குதல் வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் ஆண்டுமழை ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அதிற் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்திற் பெய்வது. 2016 டிசம்பர் 12-இல் வீசிய வார்தா புயலையும், 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலையும் இவ்வட்டாரத்தார் மறந்திரார். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கோயில்களுக்குக் கடலின் உப்புக்காற்றும் உண்டு; சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களிலோ செதுக்கு வேலைப்பாடுகளின் இடுக்குகளில் தூசியும் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆதலின் மரத்தைக் காத்தல் குறித்து நம் முன்னோர் கண்ட முறைகளையும், இந்நாள் அறிவு அவற்றுக்குக் கூறும் காரணங்களையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மரக்கோயில் முந்தியது

தமிழகத்துக் கோயில் வரலாற்றைக் கல்லினின்று தொடங்குதல் பலர் வழக்கம். ஆயின் கல்லே வேறொன்று கூறுகின்றது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், மண்டகப்பட்டில் குடைந்த குகைக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி மும்மூர்த்திகட்குக் கோயில் எடுத்தமையைப் பெருமையுடன் பொறித்தான். இவை இன்றி எடுத்தது புதுமை என்றால், இவை கொண்டு எடுத்தலே அதற்கு முன்னைய வழக்கம் என்பது பெறப்படும். அம்மரக்கோயில்கள் இன்று எங்கே? மழை உண்டது போக, கறையான் உண்டது போக, எரி உண்டது போக எஞ்சியது ஒன்றுமில்லை. மரம் மறைந்தது, மரமின்றி எடுத்தேன் என்ற கல்லெழுத்து மட்டும் நின்றது.

எனினும் எல்லா மரமும் மறைந்துவிடவில்லை. தில்லைச் சிற்றம்பலம் மரத்தால் அமைந்தது. அதன்மேற் பொன்னோடு வேய்ந்தனர். நாளொன்றுக்கு மாந்தர் விடும் மூச்சின் எண்ணாகிய 21,600 ஓடுகள் என்றும், நாடிகளின் எண்ணாகிய 72,000 ஆணிகள் என்றும் மரபு கூறும். இப்பொற்பணியைச் செய்தோருள் முதலாம் பராந்தக சோழன் தலைசிறந்தவன். அச்செய்தியைக் கூறும் சான்றுகளுள் ஒன்று நம் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த, முதலாம் இராசேந்திரன் காலத்துச் செப்பேட்டுத் தொகுதி என்பது நமக்குப் பெருமை தருவதாகும். அத்தொகுதியில் 31 ஏடுகள் உள்ளன. அத்திருவாலங்காட்டு இரத்தினசபையின் விமானமும் செப்புத்தகடு வேயப்பெற்றே விளங்குகின்றது. திருநெல்வேலித் தாமிரசபையிலும் மரவேலைப்பாட்டின்மேற் செப்புத் தகடே கூரையாயிற்று.

பொன்னும் செம்பும் வேய்ந்தது இறைவன்பால் வைத்த அன்பினால். அதனில் ஐயமில்லை. ஆயினும் அவ்வன்பு மரத்துக்குக் கவிகையும் ஆயிற்று என்பது அடியேன் கருத்து. அரசன் அளித்த பொன் அம்பலத்தை அழகு செய்ததோடு, மழைத்துளி கைமரத்தைத் தீண்டாவண்ணம் தடுத்தும் நின்றது. நம் மொழியில் காப்பு என்னும் ஒரு சொல்லே காவலையும் குறிக்கும், அணியையும் குறிக்கும், திருமேனிக்குச் சாத்தும் எண்ணெயையும் சந்தனத்தையும் குறிக்கும். காப்பதும் அழகு செய்வதும் வழிபடுவதும் ஒரே செயலாதல் கூடும் என்பதை இச்சொல்லே உணர்த்துகின்றது.

மரம் மக்குவது ஏன்?

வடதிருமுல்லைவாயிலில் மாசிலாமணியீசர் திருமுன் இரண்டு வெள்ளெருக்கந் தூண்கள் நிற்றலை அன்பர்கள் கண்டிருப்பர். ஓணன், வாணன் என்னும் குறும்பர் தலைவரை வென்று தொண்டைமான் கொணர்ந்தவை அவை எனத் தலவரலாறு கூறும். எருக்கு மிக மென்மையான செடி; வேலிக்கும் ஆகாதது. அது தூணாய் நின்று நிலவுவது திருவருள் என்பர் அடியார். அதனோடு, மழையும் வெயிலும் படாத உள்ளிடத்தில் அது நிற்கின்றது என்பதையும் நாம் கருதுதல் வேண்டும்.

இதற்கு முற்றிலும் மாறான சான்று காஞ்சியில் உண்டு. அத்திமரத்தாலாகிய வரதர் திருமேனி திருக்குளத்து நீரினுள் நாற்பதாண்டு எழுந்தருளியிருந்து, பின் வெளிவந்து காட்சி தரும். 1979-ஆம் ஆண்டிற்குப் பின், 2019 சூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் அத்திவரதரைத் தரிசித்தோர் எண்ணிலர். உள்ளிடத்து மரமும் கெடவில்லை. நீருக்குள் ஆழ்ந்த மரமும் கெடவில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட மரமே கெடுகின்றது. காரணம் யாது?

மரத்தை மக்கச் செய்வது பூசணம். அதற்கு மரமாகிய உணவோடு நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். உலர்ந்த மரத்தில் நீரில்லை, ஆழ்நீரில் காற்றில்லை. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20-க்குக் கீழ் நிற்குமாயின் பூசணம் வேர்கொள்ளாது. நனைவதும் அரைகுறையாய்க் காய்வதுமாய் நிற்கும் இடமே அதற்கு விளைநிலம். தேர்ச்சக்கரம் மண்ணிற் பதியும் இடம், கொடிமரம் பீடத்தினுட் புகும் இடம், கதவின் அடிச்சட்டம், பார்கள் ஒன்றன்மேல் ஒன்று அமரும் பொருத்துவாய் ஆகியவையே முதலிற் கெடுதலைத் தச்சர் அனைவரும் அறிவர். வெட்டுவாய் எனப்படும் மரத்தின் முனைப்பகுதி, பக்கவாட்டைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். மரம் உயிருடன் நின்றபோது வேரினின்று நீரை மேலேற்றிய அதே நுண்குழல்கள் அங்கே வாய்திறந்து கிடக்கின்றன என்க.

வெயில் செய்யும் கேடு வேறு. ஞாயிற்றொளியின் புற ஊதாக் கதிர் மர நார்களைப் பிணைக்கும் பசைப்பொருளைச் சிதைக்கும். மேற்பரப்பு சாம்பல் நிறமுற்று, மயிரிழைபோல் வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே அடுத்த மழை உட்புகும். வெயில் கதவைத் திறக்கின்றது. மழை உள்ளே நுழைகின்றது. பூசணமும் கறையானும் குடியேறுகின்றன.

எண்ணெயும் கவசமும்

கொடிமரத்தைக் காத்தலில் சேரநாட்டார் கைக்கொள்ளும் முறை வியக்கத்தக்கது. தேர்ந்தெடுத்த தேக்கினை நிலத்தில் விழாவண்ணம் வெட்டித் தாங்கிக் கொணர்ந்து, பட்டை நீக்கிச் செதுக்கி, எண்ணெய்த் தோணி என்னும் நீண்ட தொட்டியிலிட்டு, மூலிகை சேர்ந்த எண்ணெயில் பல திங்கள் ஊறவைப்பர். தைலாதிவாசம் என்பது அதன் பெயர். பின்னரே செப்புக் கவசம் பூட்டிப் பொன் வேய்வர். சபரிமலையில் முன்பிருந்த சிமெண்டுக் கம்பத்தை நீக்கி 2017 சூனில் நாட்டிய பொற்கொடிமரமும் இவ்வாறு எண்ணெயில் ஊறிய தேக்கே. நுண்குழல்களில் முன்னரே எண்ணெய் நிறைந்திருப்பின் பின்னர் நீருக்கு இடமேது?

நம் பக்கத்தில் கவசத்தை மட்டும் போற்றி, உள்ளிருக்கும் மரத்தை மறப்பது உண்டு. பித்தளைத் தகடு பளபளவென்று மின்னும். ஆணித்துளைகளின் வழி இறங்கிய நீர் வெளியேற வழியின்றி உள்ளே நின்று மரத்தை அரித்துக்கொண்டிருக்கும். மேற்றகட்டின் விளிம்பு கீழ்த்தகட்டின்மேல் மீன்செதிள்போற் கவிந்திருக்கின்றதா, அடிப்பீடத்தில் நீர் தேங்காது வடிகின்றதா என்று ஆண்டுக்கொரு முறையேனும் நோக்குதல் வேண்டும்.

எண்ணெய் அறிவைப் பெறத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. பழவேற்காட்டுப் பரதவர் தலைமுறை தலைமுறையாக மரத்தைக் கடலினின்று காத்தவர். கட்டுமரத்தைக் கரையேற்றியவுடன் கட்டவிழ்த்துத் தனித்தனி மரமாகக் காயவிடுவது அவர் வழக்கம். மரத்துக்குக் காற்றோட்டமே முதல் மருந்து என்பதை அவர் ஏட்டிற் கற்கவில்லை, அலையிற் கற்றனர். பலகைப் படகுகளுக்குச் சுறா ஈரலெண்ணெயும் முந்திரிக்கொட்டைத் தோட்டெண்ணெயும் பூசுதலும், இடுக்குகளை எண்ணெயிற் குழைத்த குங்கிலியத்தால் அடைத்தலும் நம் கடற்கரையெங்கும் இருந்தன. கண்ணாடியிழைப் படகுகள் பெருகிய இந்நாளில் அவ்வறிவு மறைந்து வருகின்றது.

பிறநாட்டாரும் இவ்வாறே செய்தனர். நார்வே நாட்டுப் போர்குண்டு என்னும் ஊரில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்த மரத்தேவாலயம் இன்றும் நிற்கின்றது. அதன் தூண்களை மண்ணில் நடாமல் கல்லடித்தளத்தின்மேல் நிறுத்தினர். பைன் மரத்தினின்று வடித்த கீலை வழிவழியாகப் பூசிவந்தனர். சப்பானியர் தம் ஈசேத் திருக்கோயிலை இருபதாண்டுக்கு ஒருமுறை புதிய மரத்தால் முழுதும் எடுத்துக் கட்டுகின்றனர். 2013-இல் அது நிகழ்ந்தது. ஒருவர் பூசிப்பூசிக் காத்தனர். மற்றவர் புதுக்கிப்புதுக்கிக் காத்தனர். பூசாமலும் புதுக்காமலும் விட்டுக் காத்தவர் உலகில் எவருமிலர்.

அச்சிறுபாக்கம் கற்பிப்பது

முப்புரம் எரிக்கப் புறப்பட்ட பெருமானுக்கு நிலவுலகே தேர்த்தட்டாயிற்று, ஞாயிறும் திங்களும் சக்கரங்களாயின, நான்மறை குதிரைகளாயின, நான்முகன் பாகனானான். அத்தகைய தேரின் அச்சும் முறிந்தது. மூத்த பிள்ளையாரை முன்னர் வணங்காமையால் அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம் என்பது புராணம். தேவர் அமைத்த தேருக்கே முதற்கண் செய்யவேண்டியதைச் செய்யாமற்போனால் அச்சு முறியுமெனின், இலுப்பையாலும் வேங்கையாலும் தேக்காலும் மாந்தர் அமைத்த தேருக்குக் கூறவேண்டுமோ?

திருவாரூர் ஆழித்தேரின் வரலாறு அனைவர்க்கும் பாடமாகும். பழைய தேர் 1920-களில் எரிக்கு இரையாயிற்று. புதிதாய் அமைந்த தேர் 1930-இல் ஓடிற்று. 1948-க்குப் பின் ஓட்டம் நின்றது. நெடுநாள் நிலையில் நின்ற தேர் செப்பனிடப்பெற்று 1970-இல் மீண்டும் வீதிவலம் வந்தது. பின்னர்த் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் தடையும் அமைத்தளித்தனர். இரும்பு வந்தமையால் மரத்தின் கவலை தீர்ந்ததோ எனின், இல்லை. அச்சு இரும்பாயினும் பார்களும் சிற்பங்களும் இன்னும் மரமே.

தேரோட்டம் முடிந்தபின் பனையோலையோ தென்னங்கீற்றோ கொண்டு தேரை மூடிவைத்தல் பழைய வழக்கம். அது வெயிலைத் தடுக்கும். ஒரு பொறி விழுந்தால் தேரையும் உடன்கொண்டு போகும். பின்னர்த் தகரம் வந்தது. அண்மை ஆண்டுகளில் அறநிலையத்துறையும் உபயதாரர்களும் பல ஊர்களில் இரும்புச் சட்டகத்தில் ஒளிபுகும் தகடுகள் பொருத்திய கொட்டகைகள் அமைத்து வருவது நன்று. கொட்டகை அமைப்போர் இரண்டை மறவாதிருத்தல் வேண்டும். மேலே காற்றுப் போக்கு இல்லையேல் உட்புழுக்கம் மரத்தைக் கெடுக்கும். கீழே சக்கரம் மண்மேல் நில்லாமல் கற்பலகைமேல் நிற்றல் வேண்டும்.

பூசுவன எவை, பூசலாகாதன எவை?

இனி, உபயதாரர் பலர் வினவும் வினாவுக்கு வருவோம். தேருக்குப் பளபளப்பான எனாமல் வண்ணம் பூசித்தரலாமோ? நல்லெண்ணத்தோடு கேட்கும் கேள்வியாதலின் விடையைத் தெளிவாகக் கூறுதல் கடன். எனாமல் வண்ணமும் தடித்த வார்னிஷும் மரத்தின்மேல் தோல்போற் படர்வன. மரமோ மழைக்காலத்துப் பருத்தும் கோடையிற் சுருங்கியும் நாளும் அசைவது. அசையும் மரத்தின்மேல் அசையாத தோல் வெடிக்கும். அவ்வெடிப்பில் நுழைந்த நீர், தோல் மூடியிருத்தலால் வெளியேற மாட்டாது. மேலே வண்ணம் புதிதாய் இருக்க, உள்ளே விரல் வைத்தால் பொடியாகும் மரத்தைத் தேர்த்திருப்பணியிற் பழகிய தச்சர் பலரும் கண்டுளர். மேலும், சிற்பத்தின் கண்ணும் நகமும் வண்ணத் தடிப்பில் மறைந்துபோகும்.

மரத்தினுள் ஊறும் எண்ணெயே வெளிமரத்துக்கு ஏற்றது. இலுப்பெண்ணெயும் வேப்பெண்ணெயும் நம் பழமை. வேப்பெண்ணெய் பூச்சியை விலக்கும். ஆனால் இவ்விரண்டும் உலராத எண்ணெய்களாதலின் பிசுக்காய் நின்று தூசியைப் பற்றும். தொழிற்பேட்டையை அடுத்த ஊர்களில் இதனைக் கருதவேண்டும். காய்ச்சிய ஆளிவிதையெண்ணெய் காற்றோடு கலந்து இறுகி உலரும் தன்மையது. அதனை டர்பென்டைன் என்னும் கற்பூரத் தைலத்திற் கலந்து முதற்பூச்சாகத் தந்தால் ஆழமாய் இறங்கும். அதனோடு காவி முதலிய மண்ணிறப் பொடி சிறிது சேர்ந்தால் அந்நிறமே வெயிற்கதிரைத் தடுக்கும் குடையாகும். இக்காலத்தில் மரச்சாயம் என்றும் வுட் ஸ்டெயின் என்றும் கடைகளில் விற்பவற்றுள், மேலே படலம் விடாது உள்ளே ஊறும் வகையைத் தேர்தல் வேண்டும். நிறமற்ற எண்ணெய் நீரைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது.

செய்முறை இது. தை, மாசித் திங்களில் மழை முற்றும் ஓய்ந்து மரம் நன்கு உலர்ந்தபின் பணி தொடங்குக. தூரிகையால் தூசி போக்கி, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, வெட்டுவாய்களுக்கும் பொருத்துவாய்களுக்கும் இருமுறை மும்முறை எண்ணெய் ஊட்டுக. மரம் குடித்ததுபோக நின்றதைத் துணியால் துடைத்துவிடுக. துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிதல் ஆகாது. ஆளிவிதையெண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கும். சுருண்ட துணி தானே தீப்பற்றுதல் உண்டு. நீரில் நனைத்து வெளியிடத்தில் விரித்துப் போடுக. எண்ணெய் உலரும்வரை தேரருகில் கற்பூரமும் விளக்கும் ஏற்றற்க.

கறையானுக்கு வலிய மருந்துகளும் உண்டு. செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகளை மரத்தினுட் செலுத்தும் முறையை 1933-இல் உலகுக்குத் தந்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்னும் இந்திய அறிஞரே. தந்திக் கம்பங்களுக்கும் இருப்புப்பாதைக் கட்டைகளுக்கும் அது பெருந்துணையாயிற்று. ஆயினும் ஆர்செனிக் நஞ்சாதலின் அமெரிக்க நாட்டில் 2003 இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு அதனைக் கைவிட்டனர். அடியார் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் தேருக்கு அது ஏலாது. போராக்ஸ் கலந்த நீர் தீங்கு குறைந்தது. மழை படின் கரைந்துபோம். ஆதலின் அது கூரைக்குட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும்.

எண்ணெய்க் கட்டளை

அன்பர்களே, முடிவாக ஒரு விண்ணப்பம். புதுத்தேர் செய்யப் பொருள் தருவோர் நம்மிடையே உளர். அவர் பெயர் கல்லிற் பொறிக்கப்படும். வெள்ளோட்டத்தன்று மாலை சூட்டப்படும். மறுவாண்டு அத்தேருக்கு எண்ணெய் பூசப் பொருள் தருவோர் அரியர். அச்செலவு புதுத்தேரின் செலவில் மிகச் சிறு பகுதியே. ஆயினும் அதற்குக் கொடியேற்றமில்லை, மேளமில்லை.

நம் முன்னோர் இதனை யாங்ஙனம் தீர்த்தனர்? சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 ஆடு என்றும் 96 ஆடு என்றும் அறம் வைத்தமையைக் காண்கிறோம். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று பொறித்தனர். ஆடு சாகும், மூப்பும் எய்தும். எனினும் மந்தையின் எண்ணிக்கை குறையாமற் காத்து, நாள்தோறும் நெய்யளக்க வேண்டும் என்பதே அதன் பொருள். விளக்கை வாங்கித் தருவதோடு அவர் நின்றுவிடவில்லை. நெய்க்கும் வழி செய்தனர். விளக்கு ஒருநாட் கொடை. நெய் என்றுமுள்ள கடன் என்பதை அவர் அறிந்திருந்தனர்.

அம்முறையை நாமும் மேற்கொள்வோம். திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழில் நடத்தும் செல்வர்கள், பொறிகளுக்கு ஆண்டுதோறும் எண்ணெயிட்டுப் பழுதுபார்த்தலின் பயனைப் பிறரினும் நன்கறிந்தவர்கள். எண்ணெய் காணாத பொறி நின்றுவிடும் என்று அவர்க்கு எவரும் கூறவேண்டுவதில்லை. தாம் வழிபடும் கோயிலின் தேருக்கும் கொடிமரத்துக்கும் கதவுகளுக்கும் ஒரு நிலைவைப்பு நிதி வைத்து, அதன் வட்டியைக்கொண்டு ஆண்டுதோறும் தை மாதத்தில் தச்சரை அழைத்து மரம் முழுதும் பார்த்து எண்ணெய்க்காப்புச் செய்ய அவர்கள் ஏற்பாடு செய்வாராக. கட்டளையின் பெயர் எண்ணெய்க் கட்டளை என்றே இருக்கட்டும். தச்சர் கண்ட பழுதுகளை ஆண்டுவாரியாக எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் கோயிலில் இருக்கட்டும். அடுத்த குடமுழுக்கிற்குக் கூடும் திருப்பணிக் குழுவினர்க்கு அவ்வேடே பெருந்துணையாகும்.

கல்லுக்குப் பன்னீராண்டு, மரத்துக்கு ஓராண்டு. இக்கணக்கை மறவாத ஊரில் பேரன் இழுக்கும் வடம் பாட்டன் இழுத்த அதே தேரையே அசைக்கும். அப்பேற்றினை எல்லா ஊரும் பெறுமாறு திருவாலங்காட்டு அண்டமுற நிமிர்ந்தாடும் அடிகளின் திருவருள் முன்னிற்பதாக.

சுபம்.